நெல்லையிலிருந்து ஒரு நாள்: காலையில் வல்லநாட்டு வெளிமான், மாலையில் கூந்தன்குளத்துப் பறவைகள்

ஒரே ஞாயிற்றுக்கிழமையில் வல்லநாடு, கூந்தன்குளம், மணிமுத்தாறு, காரையாறு நாலையும் முடித்துவிடலாம் என்று கிளம்புகிறவர்கள் கடைசியில் பார்த்துவிட்டு வருவது ரோட்டைத்தான். வெளிமானுக்கும் (பிளாக்பக்) நீர்ப்பறவைக்கும் நேரம் உண்டு. அந்த நேரத்தில் அந்த இடத்தில் அலுங்காமல் நின்றால்தான் கண்ணில் படும். ஒரு பகலில் அப்படிப்பட்ட நேரம் இரண்டுதான்: விடிந்ததும் இரண்டரை மணி நேரம், பொழுது சாய்வதற்கு முன் இரண்டரை மணி நேரம். எனவே இடமும் இரண்டு போதும். காலைக்கு வல்லநாடு, மாலைக்குக் கூந்தன்குளம்.

இந்த வரிசையை மாற்றாதீர்கள். வெளிமானைத் திறந்த தரையில், எட்ட நின்றுதான் பார்க்க முடியும். காலை ஒன்பது மணிக்கு மேல் செம்மண் சூடேறிக் கானல் எழும்பத் தொடங்கினால், எவ்வளவு விலை உயர்ந்த பைனாகுலராக இருந்தாலும் மானின் கால்கள் தண்ணீருக்குள் தெரிவது மாதிரி நெளியும். மானும் உடைமர நிழலுக்குப் போய்ப் படுத்துவிடும். குளத்தில் அப்படி இல்லை. கூடு கட்டும் காலத்தில் பறவைகள் நடுப்பகலிலும் கூட்டை விட்டு நகராது. இரைக்குப் போனவை மாலையில் கூட்டம் கூட்டமாகத் திரும்பும். காலையில் குளத்துக்குப் போய்விட்டு மாலையில் மானைப் பார்ப்பதும் முடியாத காரியமில்லை. ஆனால் வல்லநாட்டில் இருட்டுவதற்கு வெகு முன்பே வெளியேற வேண்டியிருக்கும். அந்தி நேரத்து நடமாட்டம் உங்களுக்குக் கிடைக்காது.

தூரத்தைப் பொறுத்தவரை பெரிய சிரமம் இல்லை. வல்லநாடு திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடி ரோட்டில் சுமார் 18 கி.மீ. கூந்தன்குளம் தெற்கே மூலைக்கரைப்பட்டி வழியாகச் சுமார் 35 கி.மீ. இரண்டுக்கும் போய்த் திரும்ப 110 கி.மீ. ஓடும். நடுவில் பாளையங்கோட்டைக்கு வந்து சாப்பிட்டு, இரண்டு மணி நேரம் கண்ணயரவும் நேரம் இருக்கும். அந்த ஓய்வையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். விடியற்காலை எழுந்தவர்கள் மத்தியானம் தூங்காமல் குளத்துக்குப் போனால் ஐந்து மணிக்கே சோர்ந்து கிளம்பிவிடுவார்கள். பறவை திரும்ப ஆரம்பிப்பதே அதற்குப் பிறகுதான்.

எந்த மாதம்?

சனவரி பாதியிலிருந்து மார்ச் பாதி வரை. இரண்டு இடத்துக்கும் பொருந்துகிற காலம் அதுதான். வடகிழக்குப் பருவமழை முடிந்து கூந்தன்குளத்தில் தண்ணீர் நிற்கும், மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டியிருக்கும், வடக்கிலிருந்து வந்த வாத்துகளும் திரும்பிப் போயிருக்காது. வல்லநாட்டிலும் மழைக்கு முளைத்த புல் மிச்சமிருக்கும். வெயிலும் தாங்கும்.

ஏப்ரல், மே மாதங்களில் போனால் பெரிய குஞ்சுகளைப் பார்க்கலாம்; கூடுகளில் சத்தமும் சண்டையும் அப்போதுதான் அதிகம். ஆனால் வலசை வாத்துகள் போயிருக்கும், வல்லநாட்டில் ஏழரை மணிக்கே தரை கொதிக்க ஆரம்பிக்கும். அந்த மாதங்களில் கூந்தன்குளம் மட்டும் போய்வந்தால் போதும். அக்டோபர், நவம்பரில் குளம் அப்போதுதான் நிறைந்துகொண்டிருக்கும். பறவை கொஞ்சமாகத்தான் இருக்கும்.

மாதத்தைவிட முக்கியம் தண்ணீர். மழை பொய்த்த வருடத்தில் குளம் வறண்டுவிட்டால், காலண்டரில் எந்த மாதமாக இருந்தாலும் நாரை வந்து கூடு கட்டாது. கரை தொட்டு நிரம்பியிருந்தாலும் ஒரு குறை உண்டு: உள்ளான், அரிவாள் மூக்கன், பூநாரை (ஃபிளமிங்கோ) போன்றவற்றுக்கு நிற்க ஆழம் குறைந்த தண்ணீர் வேண்டும். தண்ணீர் பாதியாக வற்றிச் சேற்றுத் திட்டுகள் தெரிகிற நிலைதான் பலவகைப் பறவைகளைப் பார்க்கத் தோது. கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு மூலைக்கரைப்பட்டிப் பக்கம் தெரிந்தவர் யாரையாவது கூப்பிட்டு, "குளத்துல தண்ணி எம்புட்டு கெடக்கு அண்ணாச்சி?" என்று கேட்டுவிடுவது எந்த இணையதளத் தகவலையும்விட நல்லது. காணும் பொங்கலன்று மட்டும் போகவேண்டாம். கூட்டம் பறவையை அல்ல, உங்களைத்தான் விரட்டும்.

முதல் நாள் செய்ய வேண்டியவை

இரண்டுமே சரணாலயங்கள். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் போகவும் படம் எடுக்கவும் வனத்துறை அனுமதி வேண்டும். வல்லநாட்டுக்கு முதல் நாளே வனச்சரக அலுவலகத்தில் பேசிவிடுங்கள். கேட்க வேண்டியவை நாலு: காலையில் எத்தனை மணிக்கு விடுவார்கள், வண்டி உள்ளே போகலாமா, கூட வழிகாட்டியாக யாராவது வருவார்களா, கேமராவுக்குத் தனிக் கட்டணம் உண்டா. கோடையில் காட்டுத்தீ பயத்தால் உள்ளே விடுவதை நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. வாசலில் போய் நின்றுகொண்டு வாதாடிப் பயனில்லை.

உடுப்பு: காக்கி, மங்கிய பச்சை, பழுப்பு, சாம்பல். வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையும் நம்மூருக்கு அழகுதான். வெட்டவெளியில் வெளிமான் அதை அரைக் கிலோமீட்டரிலேயே பிடித்துவிடும். செருப்பு போதாது. வல்லநாட்டில் உடைமுள் ரப்பர் செருப்பை ஊடுருவி ஏறும். கெட்டியான அடி உள்ள ஷூ போடுங்கள். தொப்பி, ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், ஒரு சின்ன நோட்டு, பென்சில், குளக்கரையில் உட்கார ஒரு துண்டு. செண்டு பூசுவதில் மான் பெரிதாக மிரளாது, கூட வருகிறவர்கள் தும்மாமல் இருந்தால் சரி. செல்போனை அதிர்விலும் வைக்காமல் முழுதாக மௌனமாக்குங்கள்.

பைனாகுலர் வாங்குவதாக இருந்தால் 8×42 வாங்குங்கள். 8 என்பது எத்தனை மடங்கு கிட்டே தெரியும் என்பது; 200 மீட்டரில் நிற்கும் மான் 25 மீட்டரில் நிற்பதுபோலத் தெரியும். 42 என்பது முன்கண்ணாடியின் அகலம், மில்லிமீட்டரில். அகலம் கூடினால் விடியற்காலை மங்கல் வெளிச்சத்திலும் படம் தெளியும். 10×42 வெளிமானுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கிட்டே காட்டும். ஆனால் கை நடுக்கத்தையும் சேர்த்துப் பெரிதாக்கும், பார்வைப் பரப்பும் குறுகும். பறக்கிற பறவையைப் பிடிக்கப் புதியவர்களுக்குச் சிரமம். திருவிழாக் கடைகளில் விற்கும் 20 மடங்கு, 30 மடங்கு என்பதெல்லாம் கையில் பிடித்துப் பார்க்கிற காரியமே இல்லை.

பைனாகுலரைக் கண்ணுக்குச் சரிசெய்யாமலே பலர் வருடக்கணக்கில் வைத்திருப்பார்கள். முதல் நாள் மாலை மொட்டைமாடியில் ஐந்து நிமிடம் போதும். இரண்டு வட்டமும் ஒரே வட்டமாகத் தெரியும்வரை நடுக் கீலை மடக்குங்கள். கண்ணாடி போடுகிறவர்கள் கண்வளையத்தை உள்ளே திருகிவிட வேண்டும். போடாதவர்கள் வெளியே இழுத்துவிட வேண்டும். தூரத்தில் ஒரு போர்டைப் பாருங்கள். வலது பக்கத்தைக் கையால் மறைத்து, இடது கண்ணுக்கு எழுத்து தெளிகிறவரை நடுச்சக்கரத்தைத் திருப்புங்கள். பிறகு இடது பக்கத்தை மறைத்து, நடுச்சக்கரத்தைத் தொடாமல், வலது கண்பகுதியில் உள்ள தனி வளையத்தைத் திருப்பித் தெளிவாக்குங்கள். அந்த வளையம் நிற்கும் இடத்தை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். அதற்குப் பிறகு நடுச்சக்கரம் மட்டுமே உங்களுக்கு வேலை. இதைச் செய்யாதவர்களுக்குத்தான் அரை மணி நேரத்தில் தலைவலி வரும்.

வல்லநாடு

சனவரி, பிப்ரவரியில் நம் பக்கம் சூரியன் 6.40ஐ ஒட்டி உதிக்கும். பாளையங்கோட்டையிலிருந்து ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினால் வெளிச்சம் வரும்போது அங்கே நிற்கலாம். காலைச் சாப்பாட்டைக் கட்டி எடுத்துக்கொள்ளுங்கள். இட்லியும் மிளகாய்ப்பொடியும் வாழை இலைப் பொட்டலத்தில் நன்றாகவே தாங்கும். சாப்பிடுவது வெளியே வந்த பிறகு.

1987இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இந்த இடம் 16.41 சதுர கிலோமீட்டர். இந்தியாவில் வெளிமான் இயற்கையாக வாழ்கிற தென்கோடி இதுதான். பாறைக்குன்று, அதைச் சுற்றி முட்காடு, நடுநடுவே திறந்த புல்தரை. குன்றை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். வெளிமான் சமதரையின் பிராணி, பேரே சொல்கிறதே. அது பிழைப்பது மறைவால் அல்ல, பார்வையாலும் ஓட்டத்தாலும். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் ஓடக்கூடியதற்கு, எதிரியை முன்கூட்டியே பார்ப்பதற்கான வெட்டவெளிதான் பாதுகாப்பு.

இதிலிருந்தே பார்க்கும் முறையும் புரியும். மானை நோக்கி நேராக நடந்தால் ஓடும். மரத்துக்கு மரம் பதுங்கிப் போனால் இன்னும் சீக்கிரம் ஓடும், ஏனென்றால் பதுங்குகிறவன் எவனும் நல்லதுக்கு வருவதில்லை என்பது அதற்குத் தெரியும். பாதையில் சாதாரணமாக, அதைப் பார்க்காதவர் மாதிரி, சாய்வாக நடந்து போங்கள். ஒரு மான் தலையை நிமிர்த்தினால் நில்லுங்கள். அது திரும்பப் புல்லில் வாய் வைக்கிறவரை நகரக்கூடாது. இரண்டு மூன்று மான்கள் சேர்ந்து ஒரே திசையில் பார்க்க ஆரம்பித்தால் நீங்கள் ஏற்கெனவே அதிகம் நெருங்கிவிட்டீர்கள். பத்து அடி பின்வாங்குங்கள். ஒன்று நின்ற இடத்திலேயே நாலு காலும் தரையை விட்டு எழும்பத் துள்ளினால், அடுத்து மொத்தக் கூட்டமும் கிளம்பும்.

வண்டியை உள்ளே விடுகிறார்கள் என்றால் இறங்கவே வேண்டாம். நைரோபி நகரத்தின் ஓரத்தில் 117 சதுர கிலோமீட்டரில் ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது. காலையில் போய்ச் சிங்கத்தையும் ஒட்டகச்சிவிங்கியையும் பார்த்துவிட்டு மாலையில் ஊருக்குத் திரும்பிவிடுகிறார்கள். குறித்த சில இடங்களைத் தவிர அங்கே வண்டியை விட்டு இறங்கக்கூடாது. சிங்கம் கடிக்கும் என்பது ஒரு காரணம்தான். மனித உருவம் தெரியாதவரை வண்டியைப் பெரும்பாலான பிராணிகள் ஆபத்தாக நினைப்பதில்லை என்பது இன்னொன்று. வெளிமானுக்கும் அதே கணக்கு. எஞ்சினை அணைத்து, கண்ணாடியை இறக்கிவிட்டு, கதவைத் திறக்காமல் இருபது நிமிடம் உட்கார்ந்தால், நடந்து தேடி ஒரு மணி நேரத்தில் பார்ப்பதைவிட அதிகம் பார்க்கலாம்.

எங்கே உட்காருவது? புழுக்கைக் குவியலைத் தேடுங்கள். வளர்ந்த கிடா தன் எல்லைக்குள் குறிப்பிட்ட இடங்களில் திரும்பத் திரும்பப் புழுக்கை போட்டுக் குவித்துவைக்கும். அது எல்லைக்கல். மேலே கிடப்பது ஈரமாகவும் கறுப்பாகவும் இருந்தால் கிடா இன்றோ நேற்றோ வந்திருக்கிறது. வெளுத்துக் காய்ந்திருந்தால் வேறு இடம் பாருங்கள். ஈரமான குவியலிலிருந்து நூறு நூற்றைம்பது மீட்டர் தள்ளி, சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி உட்கார்ந்தால் கிடா திரும்பி வருவதைப் பார்க்க நல்ல வாய்ப்பு உண்டு. மூக்கை மேலே தூக்கி, கொம்பு முதுகைத் தொடுகிற மாதிரி அது நடக்கிற நடை ஒரு மிடுக்கு. இன்னொரு கிடாவுக்கான எச்சரிக்கை அது.

பார்த்தது வெளிமானா புள்ளிமானா என்ற குழப்பம் வரவே கூடாது. வெளிமான் கிடாவின் கொம்பு கிளை விடாது, திருகித் திருகி நேராக மேலே போகும், உதிரவும் செய்யாது. புள்ளிமான் கொம்பு கிளைவிட்டு வருடத்துக்கு ஒருமுறை உதிர்ந்து முளைக்கும். வெளிமான் பெட்டைக்குக் கொம்பு கிடையாது. உடல் மணல் நிறம், வயிறு வெள்ளை. கிடா வயதாக ஆகக் கறுக்கும். படங்களில் பார்த்த கரிய கறுப்பை இங்கே எதிர்பார்க்காதீர்கள். தென்னாட்டுக் கிடாக்கள் பெரும்பாலும் கரும்பழுப்போடு நின்றுவிடும். முகத்தில்தான் கறுப்பு நன்றாக ஏறியிருக்கும். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் எல்லாவற்றுக்கும் உண்டு. புள்ளிமானையே தனியாகப் பார்க்க ஆசைப்பட்டால் கங்கைகொண்டானில் 2013இல் அறிவிக்கப்பட்ட சரணாலயம் இருக்கிறது, மதுரை ரோட்டில். அதை இன்னொரு நாளுக்கு வையுங்கள்.

புல்லுக்குள் தனியாக ஒரு குட்டி அசையாமல் படுத்திருந்தால் தொலைந்துபோனது என்று நினைத்துத் தூக்கிவிடாதீர்கள். தாய் அதை மறைத்துவிட்டு மேயப் போயிருக்கும். நீங்கள் நிற்கிறவரை தாய் வராது. அங்கேயே நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தால் நாய்க்கும் வழி காட்டிக் கொடுத்தவர்களாவீர்கள்.

ஒன்பதரைக்கு வெளியே வந்துவிடுங்கள். அதற்கு மேல் இருந்தால் வியர்வை மட்டும்தான் மிச்சம்.

நடுப்பகல்

சாப்பாடு, தூக்கம். தூக்கம் வராதவர்கள் டவுனில் நெல்லையப்பர் கோயிலுக்குப் பக்கத்தில் உள்ள நயினார்குளத்தை ஒரு சுற்றுப் பார்க்கலாம். நாரைகளும் நீர்க்காகங்களும் ஊருக்கு நடுவிலேயே உட்கார்ந்திருக்கும், மாலையில் பார்க்கப் போகும் பறவைகளைப் பேர் சொல்லிப் பழக நல்ல இடம். இரண்டு மணிக்கு மேல் கிளம்புங்கள். தண்ணீர், பெட்ரோல், பிஸ்கட் எல்லாவற்றையும் மூலைக்கரைப்பட்டியோடு முடித்துக்கொள்ள வேண்டும். பொங்கலை ஒட்டிப் போனால் வழியில் பனங்கிழங்கு கிடைக்கும்.

கூந்தன்குளம்

நாங்குநேரி வட்டத்தில் இருக்கும் கூந்தன்குளமும் அடுத்துள்ள காடன்குளமும் சேர்ந்ததுதான் சரணாலயம், 129.33 எக்டேர், 1994இல் அறிவிக்கப்பட்டது. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இது சேர்ந்த செய்தி 2022இல் வெளியானது. ஆனால் அரசாங்க அறிவிப்புக்கு வெகுகாலம் முன்பே இதைக் காப்பாற்றி வந்தது ஊர்தான். குளத்துக்குள் நிற்கும் கருவேல மரங்களில் மட்டுமல்ல, வீட்டுக் கொல்லையில் நிற்கும் வேம்பிலும் புளியிலும் நாரை கூடு கட்டும். ஊரில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. எச்சம் கலந்த குளத்து வண்டலை வயலுக்கு அள்ளிப் போடுகிறார்கள். பறவைக்கும் சம்சாரிக்கும் கொடுக்கல் வாங்கல் அப்படி.

ஆகவே ஊருக்குள் நுழையும் முன்பே ஹார்னையும் பாட்டையும் நிறுத்துங்கள். கொல்லையில் கூடு தெரிகிறது என்று கேமராவோடு நேராக உள்ளே போகக்கூடாது. திண்ணையில் இருக்கிற ஆச்சியிடம் "பறவை பாக்க வந்திருக்கோம், உள்ள வரலாமா ஆச்சி?" என்று கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள், எந்த மரத்தில் குஞ்சு பொரித்திருக்கிறது என்றுகூடச் சொல்வார்கள். மரத்துக்கு நேர் கீழே நிற்காதீர்கள். எச்சம் விழும் என்பது அனைவருக்கும் தெரியும். பாதி செரித்த மீனும் விழும் என்பது நின்றவர்களுக்குத்தான் தெரியும்.

மூன்றரை மணிக்குள் குளத்தில் இருந்தால் சரி. முதலில் கண்காணிப்புக் கோபுரத்தில் ஏறி மொத்தக் குளத்தையும் வெறும் கண்ணால் பாருங்கள்: தண்ணீர் எங்கே ஆழம், சேறு எங்கே, கூடுகள் உள்ள மரங்கள் எங்கே. அதற்குப் பிறகு பைனாகுலரை எடுத்து இடது ஓரத்திலிருந்து வலது ஓரத்துக்கு மெதுவாக, நிறுத்தி நிறுத்தி நகர்த்துங்கள். இங்கே ஒரு பறவை, அங்கே ஒரு பறவை என்று தாவினால் பாதியைக் கோட்டைவிடுவீர்கள். சூரியன் மேற்கே இருக்கும். கரையில் நின்று பார்ப்பதானால் வெயில் முதுகில் படுகிற மாதிரி மேற்குப் பக்கம் நில்லுங்கள். எதிர் வெயிலில் பார்த்தால் எல்லாப் பறவையும் கறுப்பு நிழல்தான்.

புதியவர்களுக்கு ஒரு சுருக்குவழி: பறக்கும்போது கழுத்தைப் பாருங்கள். நாரை, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன் கழுத்தை நீட்டிப் பறக்கும். கொக்கு, வக்கா (இராக்கொக்கு), கூழைக்கடா கழுத்தை மடித்துக்கொண்டு பறக்கும். இந்த ஒன்றிலேயே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

மஞ்சள்மூக்கு நாரைக்கு நீண்ட மஞ்சள் அலகு, நுனியில் லேசான வளைவு, முடியில்லாத ஆரஞ்சு முகம், வாலை ஒட்டி இளஞ்சிவப்பு இறகு. நத்தைகுத்தி நாரை அதைவிடச் சிறியது. அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும். அது நோய் இல்லை. நத்தையை ஓட்டிலிருந்து எடுக்க வாய்த்த அலகு அப்படி. கூழைக்கடாவைச் சொல்லவே வேண்டாம், அலகுக்குக் கீழே தொங்கும் பையே காட்டிக்கொடுக்கும். கரண்டிவாயன் தலையை இரு பக்கமும் வீசி வீசித் தண்ணீரைத் துழாவும். பாம்புத்தாராவையும் நீர்க்காகத்தையும்தான் எல்லாரும் மாற்றிச் சொல்வது: பாம்புத்தாரா நீந்தும்போது உடம்பு முழுகிக் கழுத்து மட்டும் வெளியே தெரியும், அலகு ஈட்டிபோல் நேராக இருக்கும், நீர்க்காகத்தின் அலகு நுனி கொக்கியாக வளைந்திருக்கும். இரண்டுமே நனைந்த இறகைக் காயவைக்கச் சிறகை விரித்து உட்காரும். கறுப்பு உடம்பில் நெற்றி வெள்ளையாக இருந்தால் நாமக்கோழி. நீலமாக இருந்து நெற்றி சிவப்பானால் நீலத் தாழைக்கோழி. முங்கி முங்கி எழும் குட்டிப் பழுப்புருண்டை முக்குளிப்பான்.

குளிர்காலத்தில் மட்டும் வருகிறவற்றில் முதலில் தேட வேண்டியது வரித்தலை வாத்து. சாம்பல் உடம்பு, வெள்ளைத் தலை, பின்னந்தலையில் இரண்டு கறுப்புப் பட்டை. திபெத்திய மேட்டுநிலத்திலும் மங்கோலியாவிலும் முட்டையிட்டுவிட்டு இமயமலையைத் தாண்டி வருகிறது. பகலில் பெரும்பாலும் திட்டில் கூட்டமாக ஓய்ந்திருக்கும். மேய்வது வயலிலும் புல்தரையிலும். எனவே குளத்தில் காணவில்லை என்றால் வருகிற வழியிலுள்ள அறுத்த வயல்களையும் பார்த்துக்கொண்டே வாருங்கள். ஊசிவால் வாத்தும் தட்டைவாயனும் அதே காலத்தவை. பூநாரை வருவது தண்ணீரின் ஆழத்தைப் பொறுத்தது. வந்தால் நல்லது, அதற்காகவே கிளம்பிப் போய் ஏமாறாதீர்கள்.

கூட்டைப் பார்ப்பதற்கு ஒரு கூட்டையே தேர்ந்தெடுத்து இருபது நிமிடம் விடாமல் பாருங்கள். மஞ்சள்மூக்கு நாரை ஏறக்குறைய 30 நாள் அடைகாக்கும். குஞ்சு பொரித்த கூட்டில், வெயில் நேரத்தில் தாயோ தந்தையோ சிறகை விரித்துக் குடையாக நிற்பதைக் காணலாம். இரை கொண்டுவருவது கூட்டின் தரையில் மீனைக் கக்கும்; குஞ்சுகள் பொறுக்கித் தின்னும். கூழைக்கடாக் குஞ்சு வேறு விதம், பெற்றோரின் பைக்குள் தலையை விட்டு எடுத்துத் தின்னும்.

கூட்டை நெருங்கக்கூடாது என்பதற்குக் காரணமும் இந்த நிழலில்தான் இருக்கிறது. மிரண்டு தாய் எழும்பினால் இறகு முளைக்காத குஞ்சு நேர் வெயிலில் கிடக்கும். சில நிமிடமே போதும் அது சாக. காக்கையும் பருந்தும் இதற்காகவே பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். ட்ரோன், கைதட்டல், பறக்க வைத்துப் படம் எடுக்கக் கல்லெறிதல் எல்லாவற்றின் விளைவும் ஒன்றுதான். மரத்தடியில் குஞ்சு விழுந்து கிடந்தால் நீங்களே எடுத்து மீன் ஊட்டாதீர்கள். சரணாலயக் காவலரிடம் சொல்லுங்கள், விழுந்த குஞ்சைப் பார்த்துக்கொள்ள அவர்களுக்குத் தெரியும்.

ஐந்தேகாலுக்கு மேல் பைனாகுலரை இறக்கிவிட்டு வானத்தைப் பாருங்கள். முதலில் அரிவாள் மூக்கன்கள் வரிசை கட்டி வரும், பிறகு கொக்குகள். வக்கா மட்டும் எதிர்த்திசையில் கிளம்பும். அதற்கு ராத்திரிதான் வேலை. எண்ண ஆசைப்பட்டால் ஒவ்வொன்றாக எண்ணாதீர்கள். பத்துப் பறவை எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் பிடித்துக்கொண்டு, அந்த அளவைக் கூட்டத்தின் மேல் நகர்த்திப் பத்துப்பத்தாக எண்ணுங்கள். எண்ணிக்கையை, பறவைப் பதிவுகளுக்கான ஈபேர்டு செயலியில் ஏற்றினால் ஆராய்கிறவர்களுக்கும் உதவும். இதில் பழகிவிட்டவர்கள் 2011 முதல் சனவரி மாதங்களில் நடக்கும் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பில் தன்னார்வலராகச் சேரலாம். மணிமுத்தாறில் உள்ள அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் அதை ஒருங்கிணைக்கிறது.

படம் எடுப்பவர்களுக்கு

300 மி.மீ.க்குக் குறைந்த லென்ஸில் வெளிமான் புள்ளியாகத்தான் விழும், 400 நல்லது. பறக்கும் நாரைக்கு ஷட்டர் 1/1600 வைத்தால் சிறகு உறையும். கொக்கையும் கூழைக்கடாவையும் எடுக்கும்போது எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டாப் குறையுங்கள். கறுத்த தண்ணீரைப் பார்த்து ஏமாறும் கேமரா வெள்ளை இறகைச் சுண்ணாம்பாக்கிவிடும். வெளுத்த புல்தரையில் நிற்கும் கரும்பழுப்புக் கிடாவுக்கு நேர் எதிர், அரை ஸ்டாப் கூட்டுங்கள். செல்போன் மட்டும் இருந்தால், பைனாகுலரைச் சுவரில் ஊன்றி, போன் கேமராவைக் கண்பகுதியோடு ஒட்டிப் பிடித்து எடுக்கலாம். கூட்டில் உட்கார்ந்திருக்கும் நாரைக்கு அதுவே தாராளம்.

மலைக்காட்டுக்கு ஏன் வேறு நாள்

மணிமுத்தாறு, காரையாறு பக்கத்துக் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம் (1988, தமிழ்நாட்டில் முதலாவது) மேற்கே வேறு திசையில் இருக்கிறது. பாபநாசம் சோதனைச் சாவடியில் வண்டியைப் பார்த்துத்தான் விடுவார்கள், மாலைக்குள் திரும்பிவிட வேண்டும். அடர்ந்த காட்டில் புலியைக் காண்பது ஏறக்குறைய நடக்காத காரியம். கருமந்தி, மிளா, மலையணில் என்று மனதைத் தயார் செய்துகொண்டு போனால் ஏமாற்றம் இல்லை. ஆடி அமாவாசையை ஒட்டிச் சொரிமுத்து அய்யனார் கோயில் கூட்டம் இருக்கும்போது காட்டுயிர் பார்க்கப் போவது வீண். அந்தப் பக்கம் போகிற நாளில் திருப்புடைமருதூரையும் சேர்த்துக்கொள்ளலாம். 2005 பிப்ரவரி 14 அன்று இந்தியாவின் முதல் பாதுகாப்புக் காப்பிடமாக (கன்சர்வேஷன் ரிசர்வ்) அறிவிக்கப்பட்டது, மொத்தமே 2.84 எக்டேர்; நாறும்பூநாதர் கோயிலை ஒட்டி ஆற்றங்கரை மரங்களில் நாரைகள் கூடு கட்டியிருக்கும்.

சொந்த வண்டி இல்லாதவர்கள் ஒரே நாளில் இரண்டையும் பஸ்ஸில் செய்வதும் முடியும், கொஞ்சம் இறுக்கமாக. வேய்ந்தான்குளம் புதிய பேருந்து நிலையத்தில் தூத்துக்குடி பஸ் ஏறும்போது வல்லநாட்டில் நிற்குமா என்று கேட்டு ஏறுங்கள். இடைநில்லாப் பேருந்து நிற்காமல் போய்விடும். கூந்தன்குளத்துக்கு மூலைக்கரைப்பட்டி வரை பஸ், அங்கிருந்து ஆட்டோ. ஆட்டோவைப் போனதும் அனுப்பிவிடாதீர்கள். ஆறரைக்குத் திரும்பக் கூட்டிப்போகும்படி முதலிலேயே பேசி, ஓட்டுநர் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பறவை திரும்பி முடிகிற நேரத்தில் ஊருக்குள் வண்டி தேடினால் கிடைப்பது கஷ்டம். மூலைக்கரைப்பட்டியிலிருந்து நெல்லைக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதையும் இறங்கும்போதே நடத்துநரிடம் கேட்டுவிடுங்கள்.